வீட்டுலதான் இருக்கேன் சார்

போன மாதம் நம் துறையில் இப்போது வேலை பார்க்கிற உங்களில் இரண்டு பேர் ஆனையூரில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தண்டனை பெற்றவரின் கணுக்காலில் ஒரு கருவியைக் கட்டி, சிறைக்குப் பதிலாக வீட்டிலேயே இருக்க வைக்கும் முறை நம் பக்கமும் வரப்போகிறது என்று சொன்னீர்கள். ஆள் வாசலைத் தாண்டினால் நம் கைபேசியில் மணி அடிக்குமாம். எழுந்து போகும்போது ஒருவர் சொன்னார்: "இதெல்லாம் இப்பத்தான் சார் வருது. நீங்க தொண்ணூறுகள்லயே வெறும் போன வச்சு ஆளைக் கட்டிப் போட்டவருன்னு சொல்லுவாங்க. அதை எங்களுக்கு எழுதிக் குடுங்க சார்."

எனக்குக் காது சுட்டது. நீங்கள் அதைக் கூச்சம் என்று நினைத்திருப்பீர்கள். கேட்டு வந்தது பெருமைக் கதை. நான் எழுதப்போவது அது இல்லை. பிடிக்காவிட்டால் இங்கேயே மூடி வைத்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. நம் வேலை ஜெயிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கிற வேலை. முதல் தடவை தப்புச் செய்தவரை உள்ளே அனுப்பாமல், "இத்தனை காலம் ஒழுங்காக இரு, இந்த அலுவலர் உன்னைப் பார்த்துக்கொள்வார்" என்று நீதிமன்றம் வெளியே விடும். அந்த அலுவலர்தான் நாம், நன்னடத்தை அலுவலர். ஆள் ஒழுங்காக இருந்தால் நம் பெயர் யாருக்கும் தெரியாது. தவறினால் நாம் எழுதுகிற அறிக்கை ஒன்று போதும், அவர் உள்ளே போய்விடுவார்.

நான் சேர்ந்தபோது எங்களுக்கு மேலதிகாரியாக ஒரு அம்மா இருந்தார். பேர் வேண்டாம். டவுன் பஸ்ஸில் வந்து டவுன் பஸ்ஸில் போவார். ஜீப் அனுப்பினால், "எதுக்கு, அந்தத் தெருவுல இருக்கவன் மானத்த வாங்கவா?" என்பார். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. "எவன் வீட்டுக்குப் போனாலும் ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடி. தண்ணி கொண்டாந்து குடுக்குறது யாரு, எம்புட்டு நேரங்கழிச்சு வருது, குடுக்குற கை நடுங்குதா, எல்லாத்தையும் பாரு. அப்புறம் எழுது அறிக்கைய." நாங்கள் அவரை முதுகுக்குப் பின்னால் தண்ணிப் பந்தல் என்று கிண்டல் செய்வோம். நான்தான் அந்தப் பெயரை வைத்தவன்.

துளசிராம் என் கைக்கு வந்தது தொண்ணூறுகளின் பிற்பாதியில். சௌராஷ்டிரக் குடும்பம், சாயப்பட்டறையில் வேலை. ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு, உடன் வேலை பார்ப்பவரோடு வாய்த்தகராறு முற்றி, சாயம் கலக்குகிற கம்பால் ஒரு போடு போட்டிருக்கிறான். அந்த ஆளுக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. அதற்கு முன்னால் இவன் பேரில் ஒரு பெட்டிக் கேஸ்கூடக் கிடையாது. ஆளைப் பற்றி விசாரித்து அறிக்கை கொடு என்று மாஜிஸ்திரேட் என்னிடம் சொன்னார்.

அப்போது நான் ஒழுங்காகத்தான் போனேன். மதுரையில் வளவு என்று சொல்வோம், ஒரே வாசலுக்குள் வரிசையாக ஏழெட்டுக் குடித்தனம். முன்பக்கம் வீட்டுக்கார அம்மா, கடைசியில் துளசிராம் வீடு. அவனும், அவன் மனைவி ஜானகியும், அவன் அப்பாவும். அப்பா ஆயுசு முழுக்க சாயத்தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றவர். இழுப்பு நோய் இருந்தது. இரண்டு வாக்கியம் பேசுவார், நிறுத்துவார், மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி பேசுவார். தண்ணீர் கேட்டேன். மருமகளை இருக்கச் சொல்லிவிட்டு அவரே எழுந்துபோய்க் கொண்டு வந்தார்.

"அவன் கெட்டவன் இல்ல சார். கைதான் வாய்க்கு முன்னாடி போயிருது. நா இருக்குற வரைக்கும் பாத்துக்கிறேன் சார், நீங்க பயப்பட வேண்டாம்."

எனக்கு அவர் தைரியம் சொன்னார். அந்த ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துத்தான் நான் துளசிராமுக்குச் சாதகமாக எழுதினேன். மாஜிஸ்திரேட்டும் விட்டார், ஒரு நிபந்தனையோடு. வம்பு வந்தது சாயங்காலக் குடியால் என்பதால், விளக்கு வைத்த பிறகு விடியும்வரை வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. அவசரம் என்றால் என்னிடம் சொல்லிவிட்டுப் போகலாம். அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள், நிபந்தனையிலேயே கதவு இருந்தது. அதைச் சாத்தியவன் நான்.

தினம் சாயங்காலம் ஆனையூரிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு யார் வீடுவீடாக அலைவது? அப்போதுதான் வீட்டுக்குப் போன் வந்திருந்தது. துளசிராம் வீட்டில் போன் கிடையாது. ஆனால் வீட்டுக்கார அம்மா வீட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, கூப்பிட்டுவிடச் சொல்வது எல்லோருக்கும் வழக்கம். வளவில் இருக்கிறவர்கள் வீட்டுக்குள் ஏறி வரவேண்டாம் என்று அந்த அம்மா போனை ஜன்னலோரம் வைத்திருந்தார். நான் நினைத்த நேரத்தில் கூப்பிடுவேன். அவர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பார். துளசிராம் ஓடிவந்து, கம்பிக்கு வெளியே நின்றபடி மூச்சு வாங்கச் சொல்வான்:

"துளசிராம் பேசுறேன் சார். வீட்டுலதான் இருக்கேன் சார்."

"சரி," என்று வைத்துவிடுவேன். முடிந்தது வேலை.

பிறகு இதே ஏற்பாட்டை மற்ற சிலருக்கும் செய்தேன். சிம்மக்கல்லில் ஒருத்தன் தன் தம்பியை நிறுத்தி வைத்துவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டான். "யாருப்பா பேசுறது?" என்றால், "அண்ணன்தான் பேசுறேன் சார்," என்கிறான் அந்தத் தம்பி. அலுவலகமே ஒரு வாரம் சிரித்தது. எனக்குப் போன் சார் என்று பேர் வந்ததும் அப்போதுதான். எங்கள் மேலதிகாரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "போன் வழியா தண்ணி குடிக்க முடியுமாப்பா?" என்று கேட்டார். பழைய காலத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் நான் பார்க்கத் தவறிய ஒன்று உண்டு. நீங்கள் கருவியைப் பேன்ட்டுக்குள் மறைத்துவிடலாம். என் முறையில் மறைக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் ஜன்னலிலிருந்து, "துளசி, கோர்ட்டு சார் கூப்புடுறாரு," என்று ஒரு சத்தம். அத்தனை குடித்தனத்தின் காதிலும் அது விழும். சின்னப் பிள்ளைகள் அவன் ஓடுவதைப் பார்த்து அதே மாதிரி ஓடிக் காட்டுமாம். ஜெயிலுக்குள் இருந்திருந்தால்கூட அவனை அத்தனை பேர் தினமும் பார்த்திருக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். நேரில் போயிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஒரு தடவை கூப்பிட்டபோது அவன் இல்லை. மறுநாள் அலுவலகத்துக்கு வரவழைத்தேன். அப்பாவுக்கு மருந்து தீர்ந்துவிட்டது, பக்கத்துக் கடையில் இல்லை, காளவாசல் வரை போய் வாங்கி வந்தேன் என்றான். மருந்துச் சீட்டைக்கூட நீட்டினான். நான் அதைக் கையில் வாங்கவே இல்லை. முந்தின நாள் இன்னொருத்தன் என்னை ஏமாற்றியிருந்தான், அந்தக் கோபம் இவன்மேல் பாய்ந்தது.

"சொல்லிட்டுப் போகணும்னு தெரியாதா?"

"உங்க வீட்டுக்குப் போன் பண்ணலாமான்னு தெரியல சார்."

"வீட்டுக்கெல்லாம் நீ போன் பண்ணக் கூடாது. நாந்தான் பண்ணுவேன். இன்னொரு தரம் ஆள் இல்லேன்னு வந்துச்சு, ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். நேரா உள்ளதான்."

அவன் தலையை ஆட்டினான். கூட வந்திருந்த ஜானகி அவர்கள் பாஷையில் அவனிடம் என்னவோ சொன்னாள். என்னவென்று நான் கேட்கவில்லை. சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், ஆனால் சொல்லக் கூடாது. இந்த உத்தரவில் இருக்கிற கோணல் ஒரு குழந்தைக்குப் புரியும். எனக்குப் புரியவில்லை. அதட்டியதும் அவன் அடங்கிப் போனானே, அது எனக்கு நன்றாக இருந்தது. அதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அது டிசம்பர். எங்கள் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எனக்குக் கட்டைக் குரல், பாடகர் குழுவில் கடைசி வரிசை. ஒரு சாயங்காலம் பயிற்சிக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டு துளசிராமைக் கூப்பிட்டேன். வழக்கமாக வீட்டுக்கார அம்மா கூப்பிட வேண்டும், அவன் ஓடி வர வேண்டும். அன்றைக்கு முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். போன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான்.

"துளசிராம் பேசுறேன் சார். வீட்டுலதான் இருக்கேன் சார். சார், அப்பாவுக்கு..."

"சரிப்பா, எதுன்னாலும் நாளைக்கு ஆபீஸ்ல வந்து சொல்லு," என்று வைத்துவிட்டேன்.

பாட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். நன்றாகவும் பாடினேன்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போன் வந்தது. வீட்டுக்கார அம்மா. என்னிடம் அதுவரை "இருங்க, கூப்புடுறேன்" என்பதைத் தவிர எதுவும் பேசியிராதவர்.

"சார், பெரியவரு போயிட்டாரு. நேத்து சாயங்காலமே இழுப்பு ஜாஸ்தியாயிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு அந்தப் பய உங்க போனுக்காகத்தான் ஜன்னல்கிட்டயே நின்னான். நீங்க வச்ச பொறகும் ரிசீவரக் கையிலேயே வச்சுக்கிட்டு நின்னான் சார். உன்கிட்டதான் நம்பர் இருக்கே, திருப்பிப் போடுடான்னேன். சாருக்குப் புடிக்காதுன்னுட்டான். போடா, நா சொல்லிக்கிறேன், நீ கிளம்புன்னேன். பெரியவருதான் விடல. நீ வாசலத் தாண்டாத, உள்ள போயிருவ, நா மருமகளோட போயிட்டு வாரேன்னுட்டாரு. அந்தப் புள்ள ஒத்தையில ஆட்டோவுல ஏத்திக் கூட்டிட்டுப் போச்சு."

"அப்புறம்?" என்றேன்.

"விடியுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கடைசி வரைக்கும் பயல எங்க, பயல எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனை வைத்தார்.

மகன் கூடப் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? தெரியாது. எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை, கேட்கப் பயம். ஆனால் ஒன்று தெரியும். மகனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குத் தைரியம் சொன்ன மனிதர், சொன்னபடியே செய்துவிட்டுப் போனார். மூச்சு முட்டுகிற நேரத்திலும் அவன் ஜெயிலுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் அவருக்குக் கவலையாக இருந்திருக்கிறது. அந்தப் பயத்தை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தவன் நான்.

மத்தியானம் துளசிராமே கூப்பிட்டான். அலுவலக நம்பருக்குக் கூப்பிடலாம் என்று அவனுக்குத் தெரியும். பின்னால் அழுகைச் சத்தம். அவன் குரலில் அழுகை இல்லை.

"சார், பரமக்குடியில இருந்து அக்கா வரணும். அவங்க வந்துதான் எடுக்கணும். தத்தனேரி சுடுகாட்டுக்குப் போய்ச் சேர விளக்கு வைக்கிற நேரம் ஆயிரும் சார். கொள்ளி நாந்தான் வைக்கணும். போகலாமா சார்?"

பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்க ஒரு மகன் என்னிடம் அனுமதி கேட்கிறான். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டியவை எத்தனையோ. மன்னிச்சிருப்பா என்று சொல்லியிருக்கலாம். நானும் வாரேன் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் நூறு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"திரும்பி வர எம்புட்டு நேரம் ஆகும்?"

வேண்டுமென்று கேட்கவில்லை. வெளியே போகிறேன் என்று யார் கேட்டாலும் நான் கேட்கிற கேள்வி அது. வாய்க்குப் பழகிப்போயிருந்தது. வேண்டுமென்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அது ஒரு கெட்ட மனிதன் கேட்டதாகவாவது இருந்திருக்கும்.

அவன் கொஞ்சம் யோசித்தான். உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்த்தான்.

"எல்லாம் முடிய நேரமாகும் சார். கொள்ளி வச்சதும் நா மட்டும் முன்னாடி வந்துடுறேன் சார்."

வேண்டாம்ப்பா, இருந்து எல்லாம் முடித்துவிட்டு வா என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என் முதல் கேள்வி எவ்வளவு அசிங்கமானது என்பதை நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால், "சரி," என்று மட்டும் சொன்னேன்.

சாவு வீட்டுக்குப் போக வேண்டும் என்று சட்டையை மாற்றினேன். ஸ்கூட்டரைக்கூட வெளியே எடுத்தேன். அந்த வளவுக்குள் நான் நுழைந்தால் அத்தனை ஜன்னலிலிருந்தும் என்னைப் பார்ப்பார்கள். தினமும் துளசிராமைப் பார்த்த அதே ஜன்னல்கள். ஸ்கூட்டரை உள்ளே தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். இருட்டியதும், போனிலாவது துக்கம் விசாரிப்போம் என்று நம்பரைச் சுழற்றினேன். வீட்டுக்கார அம்மா எடுப்பார், மெல்ல விஷயத்தை ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். எடுத்தது அவன்.

"துளசிராம் பேசுறேன் சார். வீட்டுலதான் இருக்கேன் சார்."

டொக்கென்று வைத்துவிட்டான். அவன் கோபத்தில் வைக்கவில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு போனில் பேச எதுவும் இல்லை என்று நான்தானே பழக்கியிருந்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய ஈரத்துண்டோடு, மற்றவர்கள் யாரும் திரும்பி வராத நேரத்தில், அவன் ஒருத்தன் மட்டும் என் போனுக்காக அந்த ஜன்னலடியில் நின்றிருந்தான் என்று வீட்டுக்கார அம்மா பிறகு சொன்னார்.

நிபந்தனைக் காலம் முடியும்வரை அவன் ஒரு தடவைகூடத் தவறவில்லை. குடியையும் விட்டுவிட்டான். அலுவலகத்துக்கு வந்து கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "வாரேன் சார்," என்றான். குடும்பத்தோடு பரமக்குடிக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நன்னடத்தையில் திருப்தி என்று நான் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். தப்புச் செய்யாதவன் யார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போயிருப்பேன்.

சில வருஷம் கழித்து, பல மாவட்டத்து அலுவலர்களைக் கூட்டி ஒரு பயிற்சி நடந்தது. என் போன் முறையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மேடையில் ஏறினேன். சிம்மக்கல் தம்பி கதையைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து, "இதுல ஆள் நம்மள ஏமாத்த மாட்டானா? நிபந்தனைய மதிச்சு நடப்பான்னு எப்படி நம்புறது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு கிடைத்த தெம்பு. வாய் சும்மா இருக்குமா?

"நடப்பான் சார்," என்றேன். "என்கிட்ட ஒருத்தன் இருந்தான். பெத்த அப்பனுக்குக் கொள்ளி வச்ச கையோட நேரா வீட்டுக்கு வந்து என் போனை எடுத்தான். அந்த அளவுக்குக் கட்டுப்பாடு."

கை தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். மேசையில் மூடி வைத்திருந்த தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

முன் வரிசையில் எங்கள் பழைய மேலதிகாரி அம்மா இருந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், மரியாதைக்காக அழைத்திருந்தார்கள். அவர் கை மடியிலேயே இருந்தது. கூட்டம் கலைந்து சாப்பாட்டுக்குப் போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசிச் சமாளித்திருப்பேன். அவர் குரலைத் தாழ்த்தி, உடம்பு சரியில்லாதவரை விசாரிக்கிற மாதிரி கேட்டார்:

"அதுக்கப்புறம் அந்த வீட்டுல போயி தண்ணி குடிச்சியாப்பா?"

"சாப்பிட வாங்கம்மா," என்றேன்.  அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார், சாப்பிடாமலே.

நீங்கள் கட்டப்போகும் கருவி என் போனைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரக் கருவி. ஆள் எங்கே இருக்கிறான் என்று அது பிசகாமல் சொல்லும். துளசிராமும் பிசகாமல்தான் சொன்னான். வீட்டில்தான் இருந்தான். வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் அன்றைக்கு வாயெடுத்தான்.

பரமக்குடி இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றும் தூரமில்லை. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேலையும் கிடையாது. இருந்தும், அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் என் பதில், இல்லை என்பதுதான்.